பிரீபயோட்டிக்குக்கு ‘நுண்ணுயிர்த்தீன்’: என் பக்க நியாயம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கிளினிக்கில் கொடுப்பதற்கான குடல்நலத் துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போகவேண்டிய நேரம் வந்துவிட்டது. அதில் வரும் ஆங்கிலக் கலைச்சொற்கள் சிலவற்றுக்குத் தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. மானிப்பாய் ஐயாவும் கோவை நண்பரும் எழுதிய மடல்களை ஆறுதலாக வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

> புரோபயோட்டிக், பிரீபயோட்டிக் என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள். மருந்துப் பெட்டியிலும் அப்படித்தானே இருக்கிறது. சனத்துக்குப் பழகிவிடும்.

ஐயா, பழகவில்லை என்பதுதான் என் கவலை. அண்மையில் ஓர் அம்மா பேரனுக்குக் கொடுத்த மருந்துகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். ஒரு பக்கம் அன்ரிபயோட்டிக் பாணி, மறுபக்கம் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் புரோபயோட்டிக் தூள். “ரெண்டும் பயோட்டிக்தானே பிள்ளை, ஒண்டை விட்டால் என்ன?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்று பற்றீரியாவைக் கொல்வது, மற்றது பற்றீரியாவேதான். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் இடையில் சில மணித்தியாலம் விடச் சொல்வதும் அதனால்தான். இந்த வேறுபாட்டை அந்தப் பெயர்கள் அவருக்குக் காட்டவேயில்லை. இவற்றோடு பிரீபயோட்டிக்கும் சேர்ந்தால் மூன்று சொல்லும் ஒரே மாதிரி முடியும், தொடக்கத்தில்தான் கொஞ்சம் மாறும். வாசிக்கிறவருக்கு எதுவும் பிடிபடாது.

ஆகவே மூன்றையும் ஒரு வரிசையாகப் பார்க்கச் சொல்கிறேன். அன்ரிபயோட்டிக்குக்கு ‘நுண்ணுயிர்க்கொல்லி’ ஏற்கெனவே புழங்குகிறது. புரோபயோட்டிக்குக்கு ‘நலநுண்ணுயிர்’. பிரீபயோட்டிக்குக்கு ‘நுண்ணுயிர்த்தீன்’. ஒன்று கொல்வது, ஒன்று தானே உயிராக இருப்பது, ஒன்று அந்த உயிருக்குத் தீனாக இருப்பது.

> நமது பாடநூல்களில் நுண்ணங்கிதானே நிலைத்த சொல். அதை விட்டு நுண்ணுயிருக்குப் போவானேன்?

நுண்ணங்கியை நான் விடவில்லை. உயிரியல் பாடத்தில் அது அப்படியே இருக்கட்டும். இந்த வரிசைக்கு மட்டும் நுண்ணுயிரைக் கேட்பதற்குக் காரணம், 2001இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து கூட்டிய நிபுணர் குழு தந்த வரையறை. புரோபயோட்டிக் என்றால் அது உயிரோடு இருக்கவேண்டும், போதிய அளவில் உட்கொள்ளப்படவேண்டும், உட்கொள்பவருக்கு நலம் தரவேண்டும். இந்த மூன்றில் இரண்டை ‘நலநுண்ணுயிர்’ வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ‘நல்ல பற்றீரியா’ என்று பத்திரிகைகள் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குடலில் இருப்பவற்றை நல்லது கெட்டது என்று இரண்டாகப் பிரித்துவிட முடியாது. சிலருடைய குடலில் தொல்லை தராமல் கொஞ்சமாகக் கிடக்கும் குளொஸ்ரிடியம் டிபிசில், அன்ரிபயோட்டிக் எடுத்து மற்றவை அழிந்த பிறகு பெருகிக் கடும் வயிற்றோட்டத்தைக் கொண்டுவருகிறது.

‘உயிர்’ என்பதை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்பதற்கு நம்முடைய சமையலறையும் காரணம். கள்ளு விட்டுப் புளிக்கவைத்த மாவில் சுட்ட பாலப்பம், தோசை, இட்லி எல்லாமே புரோபயோட்டிக் என்று முகநூலில் எழுதுகிறார்கள். புளித்தது உண்மை. ஆனால் தாச்சியிலும் கல்லிலும் ஆவியிலும் வேகும்போது மாவிலிருந்த மதுவமும் (ஈஸ்ட்) பற்றீரியாவும் அநேகமாக இறந்துவிடும். நொதிப்பால் வந்த சுவையும் மென்மையும் மிஞ்சும், உயிர் மிஞ்சாது. மோரும் தயிரும் அப்படியல்ல, அவற்றில் உயிருள்ளவை வயிற்றுக்குள் போகின்றன. அங்கேயும் ஒரு கவனம் தேவை. வீட்டுத் தயிரில் எந்த இனம், எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆகவே தயிரைப் ‘புளிக்கவைத்த உணவு’ என்று எழுதி, நலம் தருவதாக ஆய்வில் காட்டப்பட்ட குறிப்பிட்ட இனங்களுக்கு மட்டும் நலநுண்ணுயிர் என்ற சொல்லை வைத்துக்கொள்வதே நேர்மை.

இனித் தீன். இதற்குத்தான் கூடுதல் எதிர்ப்பு.

> ‘நுண்ணுயிர் ஊட்டம்’ என்று போடலாமே? தீன் என்பது ஆடு மாடு கோழிக்குரிய சொல். மருத்துவ நூலில் எப்படி எழுதுவது?

கோவை நண்பருக்கு: ‘ஊட்டம்’ அழகான சொல்தான். ஆனால் இரும்பு, நாகம் (துத்தநாகம்), அயடீன், விற்றமின்கள் எல்லாம் ஏற்கெனவே ‘நுண்ணூட்டம்’ ஆகிவிட்டன. நுண்ணூட்டமும் நுண்ணுயிரூட்டமும் ஒரே பக்கத்தில் வந்தால் தாதிமாருக்கே தடுமாறும். தவிர, ஊட்டம் என்றதும் நமக்குத்தான் அந்தச் சத்து என்று தோன்றிவிடுகிறது. பிரீபயோட்டிக் நம்மால் சமிபாடு செய்ய முடியாத, பெரும்பாலும் நார் வகையான பொருள். சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. 1995இல் கிப்சன், ரொபர்புரொயிட் என்ற ஆய்வாளர்கள் பிரீபயோட்டிக் என்ற பெயரை வைத்தபோதே இந்தக் கருத்துத்தான் அதற்குள் இருந்தது. யாழ்ப்பாணத்தில் கோழித்தீன் என்றால் அது வளர்ப்பவருக்கல்ல, வளர்க்கப்படுவதற்கு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முட்டை பிறகு நமக்கு வருகிறது. குடலிலும் நடப்பது அதுதான். நாரைத் தின்ற பற்றீரியா அசற்றேற்று, புரொப்பியோனேற்று, பியூற்றிரேற்று என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களைத் திருப்பித் தருகிறது. பெருங்குடலின் உட்சுவர்க் கலங்கள் (செல்கள்) தங்கள் சக்தியில் பெரும்பகுதியை இந்தப் பியூற்றிரேற்றிலிருந்துதான் எடுக்கின்றன. தீன் போடாவிட்டால் இது குறையும். நாரில்லாத உணவைத் தொடர்ந்து கொடுத்த எலிகளில், சில பற்றீரியாக்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படையையே தின்னத் தொடங்கியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் இது ‘தீனி’. ஓர் இகரம்தான் வித்தியாசம், இரு கரையிலும் விளங்கும். மருத்துவ நூலுக்குத் தகுமா என்றால், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் பாடநூலுக்கு ‘இரண வைத்தியம்’ என்று பெயர் வைத்தார். இரணம் என்றால் புண், ஊரார் வாயிலிருந்த சொல். கெமிஸ்ற்றிக்குக் ‘கெமிஸ்தம்’ என்று அவர் ஆங்கிலத்தை ஒட்டி வைத்தது நிலைக்காமல் போய், இன்று நமக்கு இரசாயனம் இருக்கிறது.

ஆனால் நேற்றிரவு தங்கை ஒருவர் எழுப்பிய கேள்வி என்னை யோசிக்க வைத்தது.

> அக்கா, தாய்ப்பாலில் இருக்கிற ஒலிகோசக்கரைட்டுகளும் பிரீபயோட்டிக்தானே. பச்சைப் பிள்ளையின் பாலைத் தீன் என்று எழுதினால் எந்தத் தாய் பொறுப்பாள்?

உண்மைதான். தாய்ப்பாலின் திண்மப் பொருள்களில் இலற்றோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்து அதிகமாக இருப்பவை இந்த ஒலிகோசக்கரைட்டுகள், அதாவது குறுஞ்சங்கிலி வெல்லங்கள். குழந்தையால் அவற்றைச் சமிபாடு செய்ய முடியாது. அவை பெருங்குடலுக்குப் போய் முக்கியமாகப் பிபிடோபற்றீரியத்துக்கு உணவாகின்றன. தாயின் உடல், தன் பிள்ளைக்கு மட்டுமல்லாமல் பிள்ளையின் குடலில் குடியேறியவற்றுக்கும் சேர்த்துப் பால் சுரக்கிறது. இதை எத்தனை தரம் படித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை. இதற்குத் தீன் என்ற சொல் பொருளளவில் பிழையில்லை. ஆனால் காதுக்கு உறுத்தும். எனவே தாய்மாருக்கான பிரசுரத்தில் ‘குழந்தையின் குடல் நுண்ணுயிர்களுக்கான உணவு’ என்று விரித்தே எழுதலாம். கலைச்சொல் எல்லா இடத்திலும் தலைநீட்ட வேண்டியதில்லை.

அடுத்தது சமிபாடடையாத மாப்பொருள். ஆங்கிலத்தில் ‘ரெசிஸ்ரன்ற் ஸ்ராச்’ என்பதை ‘எதிர்ப்பு மாப்பொருள்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். எதிர்ப்பு என்றதும் சனம் நோயெதிர்ப்பு என்றே எடுக்கும். ‘சமியா மாப்பொருள்’ என்பது என் முன்மொழிவு. தமிழ்நாட்டில் ‘செரியா மாவுச்சத்து’ என்றால் நேரடியாகப் பொருந்தும். நமக்குப் பழக்கமான உதாரணம் பழஞ்சோறு. இரவு மிஞ்சிய சிவப்பரிசிச் சோறு ஆறும்போது மாப்பொருளின் ஒரு பகுதி மறுபடி இறுகி நம் நொதியங்களுக்குப் பிடிகொடுக்காமல் போகிறது. தண்ணீர் ஊற்றி வைத்தால் இலற்றிக் அமிலப் பற்றீரியாவும் சேரும். காலையில் தயிர் விட்டுப் பிசைந்து, கூடக் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தில் இனுலின் வகை நார் இருக்கிறது. ஒரே கோப்பைக்குள் புளிப்பும் தீனும் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் பிரசுரத்தில் இதோடு ஓர் எச்சரிக்கையும் கட்டாயம் வேண்டும். நம் வெக்கையில் வெளியே கிடக்கும் சோற்றில் பசில்லஸ் சீரியஸ் என்ற பற்றீரியா பெருகலாம். அது உண்டாக்கும், வாந்திக்குக் காரணமான நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சலரோகக்காரர் (நீரிழிவு உள்ளவர்கள்) ‘சமியா’ என்ற சொல்லை நம்பிக் கூட்டிச் சாப்பிடவும் கூடாது. ஆறிய சோற்றிலும் பெரும்பங்கு சமிபாடடையும் மாப்பொருள்தான்.

குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமான மைக்ரோபயோட்டாவுக்குக் ‘குடற்குடி’ அழகுதான், ஆனால் கிளினிக்கில் ‘குடி’ என்றால் சாராயம்தான் நினைவுக்கு வரும். சூழலியலில் ஓரிடத்தில் சேர்ந்து வாழும் உயிரினங்களுக்குச் ‘சாகியம்’ என்ற சொல் இருக்கிறபடியால் பாடநூலுக்குக் ‘குடல் நுண்ணுயிர்ச் சாகியம்’, பிரசுரத்துக்கு வெறும் ‘குடல் நுண்ணுயிர்கள்’ போதும். ‘புளோரா’வை ஒட்டிய ‘குடல் தாவரம்’ வேண்டாம், பற்றீரியா தாவரமல்ல.

‘குடல்–மூளை அச்சு’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘குடல்–மூளைத் தொடர்பு’ என்றாலே விளங்கும். பயம் வந்தால் வயிற்றைக் கலக்குது என்று சொல்கிறவர்களுக்கு இது புதுச் செய்தியும் அல்ல. ஆனால் பிரசுர வரைவில் அந்தப் பந்தியிலுள்ள ‘உடலின் செரட்டோனின் 90 சதவீதம் குடலில் உருவாவதால் குடலைச் சரிசெய்தால் மனச்சோர்வு போய்விடும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். முதல் பாதி சரி. ஆனால் குடலில் உருவாகும் செரட்டோனின் குருதி–மூளைத் தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போவதில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கும் ஒருவர் இதை வாசித்துவிட்டு மருந்தை நிறுத்தினால் பொறுப்பு நம்முடையது.

உதாரணப் பட்டியலில் வெளிநாட்டுக் காய்கறிகளுக்குப் பதிலாகச் சின்ன வெங்காயம், உள்ளி, பயறு, கடலை, குரக்கன், வெந்தயம், வாழைக்காய், முருங்கைக்காய், ஒடியல் மா என்று போட்டிருக்கிறேன். இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கிடைப்பதை எழுதினால்தான் வாங்குவார்கள். நார் பழக்கமில்லாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும், தண்ணீரும் கூடக் குடிக்கவேண்டும், இல்லாவிட்டால் வயிறு ஊதும் என்ற வரியும் சேர்த்தாயிற்று.

மிச்சம் இருப்பது சின்பயோட்டிக். நலநுண்ணுயிரும் தீனும் சேர்ந்த கலவை அது. ‘தீன்சேர் நலநுண்ணுயிர்’ என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள்.