ஏழு மாத வெள்ளோட்டம்

2002 முதல் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் வசித்துவந்த நான், 2006 ஜனவரி 3ஆம் தேதி அங்கு வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் சோதனை முறையில் தொடங்கியபோது அதை மனமார எதிர்த்தவன். நகர மையத்தைச் சுற்றி 18 இடங்களில் கேமராக்கள் நிறுவப்பட்டன. வார நாட்களில் காலை 6.30 முதல் மாலை 6.30 வரை அந்த இடங்களை உள்ளேயோ வெளியேயோ கடந்த ஒவ்வொரு முறையும், நேரத்துக்கேற்ப ஸ்வீடன் நாணயத்தில் 10, 15 அல்லது 20 குரோனர் செலுத்த வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு 60 குரோனருக்கு மேல் வாங்கவில்லை. மகளை மழலையர் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகம் போகும் எனக்கு இது வீண் தண்டமாகவே பட்டது.

முதல் நாள் காலை, இன்னும் விடியாத இருட்டில், வழக்கமாக ஊர்ந்து செல்லும் பாலத்தை ஒரே மூச்சில் கடந்துவிட்டேன். பள்ளிக் கதவு திறக்கவில்லை. கால்மணி நேரம் காரிலேயே அமர்ந்து, மகளின் கையுறைகளை ஹீட்டர்முன் பிடித்துச் சூடுபடுத்திக்கொண்டிருந்தேன்.

கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. இதற்குச் சில மாதங்கள் முன்னரே, 2005 ஆகஸ்டில், கூடுதல் பேருந்துகளை ஓடவிட்டிருந்தார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மாற்று வழியைக் காட்டாமல் கட்டணத்தை மட்டும் விதித்திருந்தால், மக்களின் கோபத்தைத்தான் அளந்திருப்பார்கள்.

ஆனால் என் மனத்தை மாற்றியது கட்டணம் இருந்த மாதங்களைவிட அது இல்லாத வாரங்களே. சொன்னபடி ஜூலை 31ஆம் தேதி சோதனையை நிறுத்தினார்கள். கோடை விடுமுறை முடிந்து ஊர் திரும்பியதும், அதே பாலத்தில் சிவப்பு விளக்குகள் மறுபடி வரிசைகட்டி நின்றன. முன்கூட்டியே கருத்துக் கேட்டிருந்தால் என் அச்சத்தைத்தான் சொல்லியிருப்பேன். இப்போது இரண்டு நிலைகளையும் அனுபவித்திருந்தேன்.

கட்டணத்தை நிரந்தரமாக்கலாமா என்று செப்டம்பர் 17ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் வசித்த வெளிநாட்டவர் என்பதால் எனக்கும் வாக்குரிமை இருந்தது. 'ஆம்' என்ற சீட்டையே உறையிலிட்டேன். நகரில் பாதிக்குச் சற்று மேலானோர் ஆதரித்தனர். தாமாகவே வாக்கெடுப்பு நடத்திய அண்டை நகராட்சிகள் பலவற்றில் எதிர்ப்பே வென்றது. அங்கிருந்து தினமும் காரில் வந்த என் சக ஊழியர், தம்மிடமும் முறைப்படி கேட்டிருக்க வேண்டும் என்று கடைசிவரை வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். 2007 ஆகஸ்ட் 1ஆம் தேதி கட்டணம் நிரந்தரமானபோது, நாங்கள் இருவரும் பேருந்துக்கு மாதச் சீட்டு வாங்கியிருந்தோம்.