பழனி நடையின் முதல் தங்கல்: சோற்றுக்குப் பஞ்சமில்லை, ஒதுங்கத்தான் இடமில்லை

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த தைப்பூசக் காவடிக்கு நாம் திரட்டும் பணத்தில் பெரும்பங்கை அன்னதானப் பந்தலுக்குக் கொடுக்கலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனத்தோடு சொல்லப்பட்ட யோசனைதான். ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெளிநாட்டில் இருந்துவிட்டு இந்த 2026-இல் ஊர்க் காவடியோடு பழனி வரை நடந்து வந்தவன் என்ற முறையில், அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடச் சோற்றுக்குத் தேவையில்லை என்றும், அது முழுவதும் இரவுத் தங்கலுக்கு, அதிலும் சங்ககிரிப் பக்கத்து முதல் தங்கலுக்குப் போக வேண்டும் என்றும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

வழி உங்களுக்கு நினைவிருக்கும். எடப்பாடிப் பக்கமிருந்து புறப்பட்டுச் சங்ககிரி, பள்ளிபாளையம், ஈரோடு, அறச்சலூர், காங்கயம், தாராபுரம் என்று 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறோம். ஐந்து பகல், நான்கு இரவு. காவிரி, நொய்யல், அமராவதி, சண்முகநதி என நான்கு ஆறுகளைக் கடந்தாலும், சாயக்கழிவு கலந்த நொய்யலில் நம் குழு கால் நனைப்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் காவடியை எடுத்தால் வெயில் ஏறும்வரை நடை, பிறகு நிழலில் படுக்கை, மாலை நான்கு மணிக்கு மேல் மறுபடியும் நடை.

சங்ககிரியைத் தாண்டிவிட்டால் சாலையோரத்தில் பந்தலுக்குப் பந்தல் இட்லி, தக்காளி சாதம், நீர்மோர், சுக்குக் காபி, வாழைப்பழம் என்று கையைப் பிடித்து இழுத்துக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்றால் மனம் வருந்துவார்களே என்று வாங்கிப் பாதி உண்டு வைத்த பாக்குமட்டைத் தட்டுகள் பந்தலுக்குப் பத்தடி தள்ளிக் குவிந்து கிடக்கின்றன. அவற்றோடு இன்னொரு பந்தலை நாம் சேர்ப்பதால் யாருடைய பசியும் தீரப்போவதில்லை.

முதல் இரவுக்கு ஒரு மண்டபம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேறு விசேஷத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். தோட்டக்காரர் ஒருவர் இரக்கப்பட்டுத் தம் களத்தைக் காட்டினார். கூட்டிப் பெருக்கிய களம், ஓரத்தில் கடலைக்கொடிப் போர், அப்பால் சங்ககிரி மலை கருப்பாக நின்றது. எண்பது பேர் தார்ப்பாய் விரித்துப் படுத்தோம். அதில் பாதிப்பேர் பெண்கள். கழிப்பிடம் என்று எதுவும் இல்லை. ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, வேலிக்கு அப்பால் சீமைக்கருவேலங்காட்டுக்குள் இருட்டில் இறங்கினார்கள்.

அப்படிப் போய்த் திரும்பிய ஒரு பெரியம்மாவின் குதிகாலில் முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் நான் காலைப் பிடித்துக்கொள்ள, அவருடைய மருமகள் தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்து நெருப்பில் காட்டி, அரை மணி நேரம் நோண்டியும் முனை வரவில்லை. "விடு சாமி, முருகன் பாத்துக்குவான்" என்று மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் நடந்தார். ஈரோடு சேரும்போது கால் வீங்கிவிட்டது. காவிரிப் பாலத்தைத் தாண்டியதும் காவடியை மருமகளிடம் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே பேருந்து ஏறி ஊர் திரும்பினார்.

அதைவிட என்னை உறுத்தியது வேறு ஒன்று. பகல் முழுவதும் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. மோர்ப் பந்தலில் எல்லாரும் நின்று குடிக்கும்போது இவர்கள் வாயை மட்டும் நனைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "தண்ணி குடிச்சா ஒதுங்கணும், எங்க போய் ஒதுங்கறது?" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். தை மாதத்து வெயிலில் முப்பது கிலோமீட்டர் நடப்பவர் தண்ணீரையும் சிறுநீரையும் அடக்கினால் கெண்டைக்கால் பிடிப்பும் நீர்க்கடுப்பும் வராமல் என்ன செய்யும்? இருவருக்குக் காங்கயத்தில் காய்ச்சலே வந்தது. நம் வீட்டுப் பெண்கள் இத்தனை ஆண்டுகளாக இப்படித்தான் நடந்திருக்கிறார்கள். அது நம் கண்ணில் படவே இல்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டுமானால் நாற்பது பெண்களும் இரண்டிலிருந்து மூன்றுக்குள் காலைக்கடனை முடிக்க வேண்டும்; ஆளுக்கு ஆறு நிமிடம் என்று வைத்தாலும் நான்கு கழிப்பிடங்கள் இருந்தாக வேண்டும். களத்திலிருந்தும் கிணற்றிலிருந்தும் நன்றாகத் தள்ளிக் குழி தோண்டி, சிமெண்ட் உறை இறக்கி, மேலே பேசின் பதித்த பலகை வைத்து, நான்கு பக்கமும் தகரம் அடித்து, உள்ளே தாழ்ப்பாளும் ஒரு விளக்கும் போட்டு, அருகில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றை நிறுத்தினால் போதும். காவடி கடந்த மறுநாளே மண் போட்டு மூடிவிட்டுத் தகரத்தையும் பலகையையும் ஊருக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம்.

நிரந்தரமாகக் கட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். ஆண்டுக்கு ஓரிரவு பயன்படும் கட்டடத்தை மற்ற நாள்களில் யார் கழுவுவார்கள்? இரண்டே ஆண்டில் அது பூட்டிக் கிடக்கும். தோட்டக்காரர்கள் இடம் தரத் தயங்குவதற்குக் காரணமும் இதுதான்: வந்தவர்கள் போன பிறகு வயலில் மலமும் பிளாஸ்டிக் குவளைகளும் கிடந்தால் அடுத்த ஆண்டு யார் படலைத் திறந்துவிடுவார்கள்? போகும்போது இடத்தைச் சுத்தமாக ஒப்படைப்பதாக உறுதி சொன்னால், அந்தக் களத்தையே தருவதாக எங்களுக்கு இடம் கொடுத்த தோட்டக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மிச்சப்படும் பணத்தில் கொசுவலை வாங்க வேண்டும். இது கொசுவுக்காக மட்டும் அல்ல. கடலைக்கொடிப் போரும் எலி வளையும் உள்ள இடத்தில் கட்டுவிரியன் நடமாடும். இரவில் தரையில் படுத்திருப்பவரைத் தேடி வருவது போலவே அது படுக்கைக்குள் வந்துவிடும். கடித்தால் வலி அதிகம் இராது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியும்போது வயிறு வலித்து, இமை தொங்கி, மூச்சுத் திணறும்போதுதான் தெரியவரும். வலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டால் அது உள்ளே நுழைய முடியாது. நான் கொண்டுபோயிருந்த கூடாரமும் பாம்புக்குக் காவல்தான். ஆனால் தைப் பனியில் உள்பக்கமெல்லாம் நீர் கோத்து, இரண்டு மணிக்கு என் போர்வை நனைந்துவிட்டது. ஆகவே கூடாரம் வாங்கி அனுப்பலாம் என்று யாராவது நினைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

நம் பக்கத்து எடப்பாடி பருவதராஜகுலத்துக் காவடியைப் பாருங்கள். பூசம் முடிந்து பழனி போகும் அவர்கள், மலைமேலேயே ஓரிரவு தங்கும் மரபுரிமை பெற்றவர்கள். ஆயிரக்கணக்கான பேர் அங்கே தங்கி, டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைகிறார்கள். தங்குவதையே வழிபாடாகக் கொண்ட அவர்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, தங்கலை மட்டும் நாம் கடைசி வேலையாக வைத்திருக்கிறோம்.

2027-இல் தைப்பூசம் ஜனவரி 22 அன்று வருகிறது. பொங்கல் முடிந்த கையோடு காவடி கிளம்பும் என்பதால், பொங்கலுக்கு வருபவர்கள் அதே விடுப்பில் நடந்தும் வரலாம். ஆனால் பொங்கல் வாரத்தில் குழி வெட்ட ஆள் கிடைக்காது. போகிக்கு முன்பே வேலை முடிந்திருக்க வேண்டும். நான் மார்கழி நடுவில் ஊருக்கு வருகிறேன். ஐப்பசிக்குள் உங்கள் சம்மதம் கிடைத்தால், உறையும் பேசினும் சொல்லி வைத்துவிட்டு, தோட்டக்காரரை நேரில் பார்த்து இடத்தை அளந்து வைக்கிறேன். அந்தப் பெரியம்மா கால் ஆறி, அடுத்த முறையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.