எல்லா நரம்புத் துடிப்பும் ஒரே அளவு என்றால், வலி எப்படிக் கூடுகிறது?

உளவியல் இரண்டாமாண்டு:
அஞ்சல் வழியில் உளவியல் படிக்கிறேன். நரம்பு மண்டலப் பாடத்தில் மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஓய்வில் இருக்கும் நியூரானின் (நரம்புச் செல்) உள்பக்கம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். அது மைனஸ் 55 வரை ஏறினால் சோடியம் உள்ளே பாய்ந்து துடிப்பு கிளம்பும், இல்லாவிட்டால் கிளம்பாது. அரைத் துடிப்பு என்று ஒன்று இல்லை. இதுவரை சரி.

நேற்றுக் காலை தோசைக்கல் விளிம்பில் ஆள்காட்டி விரல் பட்டுவிட்டது. நான் நினைப்பதற்குள் கை பின்னால் வந்துவிட்டது. சுருக்கென்றது, அப்புறம் சற்றுக் கழித்து எரிச்சல் ஏறியது. காபி டம்ளரைப் பிடிக்கும்போதும் இதே நரம்புதானே? துடிப்பெல்லாம் ஒரே உயரம் என்றால் மூளைக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

பழைய ஆய்வகத்தார்:
உடலியங்கியல் ஆய்வகத்தில் 26 வருடம் வேலை பார்த்தவன் நான். தவளையின் கெண்டைத் தசையை சயாட்டிக் நரம்போடு எடுத்து, கரிப்புகை ஏற்றிய தாள் சுற்றிய உருளைக்கு முன்னால் மாட்டுவோம். நரம்புக்குக் கொடுக்கும் மின்னதிர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், தசை சுருங்கும்போது கரியில் ஊசி கீறும் வெள்ளைக் கோடு உயர்ந்துகொண்டே போகும். "விதி தப்பா சார்?" என்று எந்த வகுப்பிலும் ஒருவராவது கேட்பார். அந்தக் கேள்விக்காகவே நான் காத்திருப்பேன்.

துடிப்பு வந்தால் முழுசாக, இல்லாவிட்டால் இல்லவே இல்லை என்ற அந்த விதி சரிதான். நரம்பு என்பது ஒற்றைக் கம்பி இல்லை, ஏராளமான இழைகள் சேர்ந்த கயிறு. அதிர்ச்சி கூடக் கூட, அதுவரை சும்மா இருந்த இழைகளும் சேர்ந்துகொள்ளும். ஒரு வரம்புக்கு மேல் கோடு உயராது. எல்லா இழையும் வந்தாயிற்று.

சரி, ஒற்றை இழை? 1926இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், ஸாட்டர்மன் என்ற இரு உடலியங்கியலாளர்கள் தவளைத் தசையில் எடை தொங்கவிட்டு, ஒரே உணர்விழையின் துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். எடையைக் கூட்டியபோது துடிப்பின் உயரம் மாறவில்லை, நொடிக்கு எத்தனை என்பதுதான் கூடியது. உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: எத்தனை இழை, எவ்வளவு அடுக்கடுக்காக. ஏட்ரியனுக்கு 1932இல் ஷெரிங்டன் என்ற இன்னொரு நரம்பு ஆய்வாளரோடு நோபல் பரிசு கிடைத்தது.

வலி மருத்துவப் பிரிவுச் செவிலியர்:
ஒரு திருத்தம். டம்ளரின் இதமான சூட்டைச் சொல்வது வேறு இழை. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் வலி இழைகள் விழிக்கின்றன. அவற்றிலும் இரண்டு வகை. மயலின் என்ற மெல்லிய கொழுப்பு உறை உள்ள ஏ-டெல்டா இழை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் ஓடும், அதுதான் உங்கள் சுருக். உறையில்லாத சி இழை நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். விரலிலிருந்து தண்டுவடத்துக்கு முக்கால் மீட்டருக்கு மேல் இருக்கும், எரிச்சல் பின்தங்கியது அதனால்தான். கையை இழுக்கும் உத்தரவு தண்டுவடத்திலிருந்தே போய்விடுகிறது, மூளைக்குச் சேதி பிறகுதான்.

உளவியல் இரண்டாமாண்டு:
நோட்டில் திரும்ப வரைந்தேன், ஒரே உயரக் கோடுகள், நெருக்கம் மட்டும் வேறு. ஆனால் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் வருவது இதே கோடுகள்தானே, ஒளி எது, ஒலி எது?

பழைய ஆய்வகத்தார்:
எந்த நரம்பில் வந்து மூளையில் எங்கே சேர்கிறது என்பதுதான் கணக்கு. இருட்டில் கண்ணை மூடி, மூக்கோரத்து இமையை விரலால் மிக லேசாக அழுத்துங்கள். வெளிச்சமே இல்லாமல் எதிர்ப்பக்க ஓரத்தில் ஒளி வட்டம் தெரியும்.