அவசரம்: மகளுக்கு மொழிப்பாடம் கட்டாயம் என்கிறார்கள், தமிழ் செல்லாதா?

தெம்பனிஸ் அப்பா:
வணக்கம். மகள் காலேஜில் சேரப் போகிறாள். மொழித் தேவை நிறைவேறவில்லை, பட்டம் வாங்க மூன்று செமஸ்டர் ஏதாவது மொழி எடுக்க வேண்டும் என்று மெயில் வந்திருக்கிறது. தொடக்கப்பள்ளியிலிருந்து தமிழ் படித்தவள்! வெள்ளிக்கிழமை பாடப் பதிவு. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈசூன் குமார்:
இங்கே சிங்கப்பூரில் உள்ள பல்கலைக்கழகம்தானே? ஜூனியர் காலேஜ் (ஜேசி) முடிவில் எழுதும் ஏ லெவல் தேர்வில் எச்1 தாய்மொழிப் பாடத்தில் எஸ் கிரேடாவது, உயர்நிலைப்பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவலில் உயர்தமிழில் (வழக்கமான தமிழைவிடக் கடினமான பாடம்) டி7 கிரேடாவது வேண்டும். இல்லாவிட்டாலும் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள், பட்டத்துக்குள் முடித்தால் சரி. கவலைப்படாதீங்க அண்ணே.

மலர்:
மூன்று செமஸ்டர் என்கிறாரே, அமெரிக்கா போலிருக்கிறது. எந்தக் காலேஜ்? பிஏவா, இன்ஜினியரிங்கா? இன்ஜினியரிங் என்றால் பல இடங்களில் இந்தத் தொல்லையே இல்லை.

ராஜா:
அமெரிக்கக் காலேஜ்களுக்கு எழுதும் எஸ்ஏடி சப்ஜெக்ட் டெஸ்ட் எழுதச் சொல்லுங்க. அண்ணன் மகன் பிரெஞ்சு எழுதி அப்படித்தான் தப்பித்தான்.

பழைய மாணவன்:
அதை 2021லேயே மூடியாச்சு. இருந்த காலத்திலும் அதில் தமிழ் கிடையாது, அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏபி தேர்விலும் கிடையாது. பாடங்களும் விதிகளும் போட்டிருக்கும் காலேஜ் கேட்லாக் என்று ஒன்று உண்டு, அதை வாசித்துவிட்டு இங்கே வரலாம். ப்ரௌன் பல்கலைக்கழகத்தில் மொழித் தேவையே இல்லை, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நான்காவது செமஸ்டர் நிலை வரை கேட்பார்கள். பெயரே சொல்லாதவருக்கு எந்த விதியைச் சொல்வது?

தெம்பனிஸ் அப்பா:
அமெரிக்காதான், பிஏ. ஏ லெவல் சான்றிதழ் அனுப்பியாச்சே.

மலர்:
அதில் தமிழ் இருக்கிறதா? உயர்தமிழ் எடுத்தவளா?

தெம்பனிஸ் அப்பா:
ஓ லெவலில் உயர்தமிழ், ஏ2 கிரேடு.

மலர்:
அப்போ சிக்கல் அங்கேதான் அண்ணே. ஓ லெவலில் உயர்தமிழ் தேறியவர்கள் ஜேசியில் எச்1 தமிழ் எடுக்க வேண்டியதில்லை. ஏ லெவல் சான்றிதழை மட்டும் பார்த்தால் அவள் தமிழ் படித்ததே தெரியாது. ஓ லெவல் சான்றிதழை ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு அனுப்பி விலக்கு கேளுங்கள். போதாது என்றால், ஆக்ட்ஃபுல் (ACTFL) என்ற அமெரிக்க மொழி ஆசிரியர் அமைப்பு நடத்தும் வாய்மொழித் தேர்வு தமிழிலும் உண்டு. காலேஜ் ஏற்குமா என்று கேட்ட பிறகு பணம் கட்டுங்கள். இன்னொன்று, விலக்கு கிடைத்தாலும் பல இடங்களில் பட்டத்துக்கான கிரெடிட் தரமாட்டார்கள், அதை வேறு பாடம் எடுத்து நிரப்ப வேண்டும்.

ராஜா:
வீட்டில் பேசுகிற மொழியைக் காட்டித் தப்பிப்பதற்கு, ஸ்பானிஷ் படித்தால் வேலைக்காவது உதவும் லா.

ஈசூன் குமார்:
தப்பிப்பதா? உயர்தமிழ்த் தாளில் கட்டுரை எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பேசுவதெல்லாம் ஆங்கிலம். தமிழ் டியூஷனுக்குப் போய், அழுது, படித்தது.

ராஜா:
அழுது படித்ததை அங்கே யார் கேட்கப் போகிறார்கள்?

பழைய மாணவன்:
சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் தமிழே பாடமாக இருக்கிறது. அங்கே மதிப்பிட ஆள் உண்டு. தமிழ்த் துறை இல்லாத சின்னக் காலேஜில்தான் தகராறு. அதனால்தான் பெயரைக் கேட்டேன், இன்னும் வரவில்லை.

ஈசூன் குமார்:
ராஜா, உங்கள் பிள்ளை என்ன மொழி எடுத்தான்?

ராஜா:
அது இங்கே எதற்கு?

தெம்பனிஸ் அப்பா:
ஓ லெவல் அனுப்பினோம். துறையில் கேட்டுச் சொல்கிறார்களாம். எதற்கும் ஸ்பானிஷுக்கு ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறாள். மலருக்கு நன்றி.

ராஜா:
பார்த்தீங்களா, ஸ்பானிஷ்!