பள்ளத்தூர் செம்புறை மண்ணில் யூக்கா: ஒன்று அழுகிவிட்டது, மற்றொன்றைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

பள்ளத்தூர்க்காரி எழுதியது:

எங்கள் வீட்டுப் பின்கட்டைத் தாண்டிப் பத்து சென்ட் இடம் வெறுமனே கிடக்கிறது. அரை அடி வெட்டினால் செம்புறாங்கல். சித்திரை, வைகாசியில் கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். அதனால் அங்கே ஒரு செம்பருத்தி வைத்துப் பார்க்கக்கூட எனக்குத் துணிவு வந்ததில்லை.

சென்ற ஆண்டு அரிசோனாவில், டூசான் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். அந்தத் தெருவில் புல்தரையே கிடையாது. வாசலில் சரளைக்கல் பரப்பி, அந்தப் பாலைவனத்திலேயே பிறந்த செடிகளை வைத்திருக்கிறார்கள். மகள் வீட்டு முன்னால் நிற்பது சோப்பு யூக்கா. இலை விரல் அகலம்கூட இருக்காது. ஓரத்தில் வெள்ளை நூல்கள் பிரிந்து சுருண்டு தொங்கும். வைகாசிக் கடைசியில் நடுவிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் ஒரு தண்டு எழும்பி, கொத்துக்கொத்தாக வெள்ளை மணிகளாய்ப் பூத்தது. அதற்கு யாரும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி நான் பார்க்கவில்லை. அதன் வேரைத் தட்டி நுரைக்கவைத்துத் தலை அலசுவது அங்கே பழைய வழக்கமாம். நம் வீட்டில் பட்டுப்புடவை அலசப் பூந்திக்கொட்டை ஊறவைப்போமே, அதே நுரைதான்.

ஒரு கண்காட்சியில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான டொஹோனோ ஓதம் மக்கள் செய்த கூடைகளைப் பார்த்தேன். வெயிலில் வெளுக்கவிட்ட யூக்கா இலையைக் கிழித்து, சுற்றிச் சுற்றித் தைத்திருந்தார்கள். கையில் எடுத்தவுடன் எங்கள் ஆயா முடைந்த கொட்டான் நினைவு வந்துவிட்டது. பனங்குருத்தோலையை வகிர்ந்து, சாயம் ஏற்றி, மதியச் சாப்பாடு முடிந்ததும் பட்டாலையில் உட்கார்ந்தார்கள் என்றால் விளக்கு வைக்கும்வரை எழமாட்டார்கள். என் கல்யாணத்துக்கு அவர்கள் முடைந்த கொட்டான்கள் இன்னும் இரண்டாம் கட்டில் பெட்டிக்குள் இருக்கின்றன. அந்தக் கூடையைத் திரும்ப வைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தச் செடி நம் வீட்டிலும் வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் காரைக்குடியில் ஒரு நர்சரியில் இரண்டு யூக்கா வாங்கினேன். பாலைவனச் செடி, எங்கே வைத்தாலும் வரும் என்றார்கள். ஆடியில் கடப்பாரை போட்டு ஒன்றரை அடிக் குழி வெட்டி, தொழுவுரம் நிறையப் போட்டு நட்டேன். புரட்டாசிவரை ஒரு குறையும் இல்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை பிறந்த வாரத்தில் ஒன்று சாய்ந்தது. தூக்கினால் அடித்தண்டு கூழாகிக் கையோடு வந்துவிட்டது. மேலே இரண்டடி இன்னும் பச்சையாக இருப்பதால் எறிய மனமில்லாமல் தாழ்வாரத்தில் சாத்தி வைத்திருக்கிறேன். நிற்பதிலும் கீழ் இலைகள் மஞ்சளாகின்றன.

அதைக் காப்பாற்ற என்ன செய்வது? பத்து சென்ட் முழுவதையும் இப்படி ஒரு யூக்காத் தோட்டமாக்க நினைத்திருந்தேன், அது நடக்குமா?

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

ஆச்சி, ரயில் பாதையோரம் கூர்முனையோடு நிற்கிறதே, அதுவும் யூக்காதான். எங்கள் தோப்பு வேலியில் இருபது ஆண்டாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. அதைப் பெயர்த்து வையுங்கள்.

செம்மண் தோட்டம் எழுதியது:

ரயில் பாதையோரம் நிற்பது யூக்கா அல்ல, ரயில் கற்றாழை. அதுவும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த செடிதான், யூக்காவுக்கு உறவும்கூட. ஆனால் அது ஆயுளில் ஒரே முறை பூக்கும். பூத்ததும் தாய்ச்செடி காய்ந்துவிடும். யூக்கா பூத்த பிறகும் நிற்கும்.

ஆச்சி, நான் புதுவயலில் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த மண்ணோடு போராடுகிறேன். எனக்கும் மூன்று யூக்கா இப்படியே போயிருக்கின்றன. முதலில் இலையைத் தொட்டுப் பாருங்கள். மூன்று விரல் அகலமாக, நுனி குத்தாமல் மடங்கினால், ஓரத்தில் நூலும் இல்லையென்றால், அது மகள் வீட்டுச் செடி அல்ல. தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து யூக்கா அது; எல் சால்வடார் நாட்டின் தேசிய மலர். பாலைவனத்தில் பிறந்ததே இல்லை. நம் பக்கத்து நர்சரிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இதுதான். வறட்சியைத் தாங்கும், வேரடியில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது.

டூசானில் ஓர் ஆண்டு மழை 300 மி.மீ.கூட இல்லை. அதுவும் கோடையில் கொஞ்சம், குளிர்காலத்தில் கொஞ்சம் என்று பிரிந்து பெய்கிறது. நமக்கு ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ.; அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவில் கொட்டிவிடும். செம்புறையில் குழி வெட்டுவது தொட்டி கட்டுவதற்குச் சமம். உள்ளே போன தண்ணீர் இறங்க வழியில்லை. தொழுவுரம் வேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது.

நிற்பதை மழை விட்ட அன்றே பெயர்த்துவிடுங்கள். கறுத்த வேர்களை நறுக்கிவிட்டு நான்கைந்து நாள் நிழலில் காயவையுங்கள். தரைக்கு மேல் இரண்டடி மேடு கட்டுங்கள்: சுற்றிலும் செம்புறாங்கல் அடுக்கி, உள்ளே உடைகல்லும் பருமணலும் முக்கால் பங்கு, மண் கால் பங்கு. எரு வேண்டாம். தாழ்வாரக் கூரைத் தண்ணீர் விழும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். சாத்தி வைத்திருக்கும் துண்டும் பிழைக்கும். உள்ளே வெள்ளையாகத் தெரியும்வரை அழுகலை வெட்டி நீக்கி, வெட்டுவாய் நன்றாகக் காய்ந்ததும் மண்தொட்டியில் மணலில் நடுங்கள். இந்த வகை தண்டிலிருந்தே வேர்விடும்.

ஆனால் பத்து சென்ட் முழுவதும் யூக்கா என்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். மகள் ஊரில் யூக்காவுக்கென்றே ஓர் அந்துப்பூச்சி இருக்கிறது. பெண் பூச்சி மகரந்தத்தை உருண்டையாக்கி எடுத்துக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். சூலகத்தில் முட்டையிட்டுவிட்டு, உருண்டையைச் சூல்முடியில் வைத்து அழுத்தும். புழுக்கள் கொஞ்சம் விதையைத் தின்னும்; மிச்சம் செடிக்கு. இங்கே அந்தப் பூச்சி இல்லை. சோப்பு யூக்காவையே வரவழைத்து நட்டாலும், பூத்தால் நாம் கையால் மகரந்தம் வைத்தால்தான் காய் பிடிக்கும். இங்கே எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி தேடி வந்து முட்டையிடும். ஆவாரை நட்டுப் பாருங்கள், மஞ்சளும் வெளிர்பச்சையுமாக எத்தனை வருகின்றன என்று. வேலிக்கு விராலி, மூலைக்குச் சதுரக்கள்ளி, அதன்மேல் ஏறப் பிரண்டை. யூக்காவின் குடும்பத்திலேயே நம் மண்ணில் பிறந்த ஒன்று வேண்டுமென்றால் மருள் இருக்கிறது. அந்த இலையிலிருந்து எடுத்த நாரில்தான் வில்லுக்கு நாண் முறுக்கினார்கள்.

பள்ளத்தூர்க்காரி எழுதியது:

தம்பி, இலை அகலம்தான். நுனி மடங்குகிறது, நூல் இல்லை. படித்ததும் மனம் கனத்துவிட்டது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. செத்த செடியின் குழியில் நேற்று மாலை ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். காலையில் பாதி அப்படியே நின்றது. நீங்கள் சொன்னபடியே மேடு கட்டச் சொல்லிவிட்டேன். யூக்கா அந்த ஒரு மேட்டோடு இருக்கட்டும்.

மருளை எனக்குத் தெரியும். வரிவரியாக, கத்திபோல நிற்கும். ஐயனார் கோயில் காட்டில் புதர்புதராக இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு சுள்ளி ஒடிக்கவும் எங்கள் அப்பத்தா விட்டதில்லை, நானும் கை வைக்கமாட்டேன். வேறு எங்கே கிடைக்கும்?

இன்னொன்றும் தோன்றுகிறது. ஆயாவுக்கு ஓலை கொடுத்த பனைகள் எங்கள் பக்கம் பாதிக்கு மேல் போய்விட்டன. மேற்கு எல்லையில் பனங்கொட்டை ஊன்றினால் அந்தச் செம்புறையில் வருமா? ஓலை வெட்ட நான் இருக்கமாட்டேன். பேத்தி இருப்பாள்.

செம்மண் தோட்டம் எழுதியது:

வரும், ஆச்சி. கல்லில் ஒரு வெடிப்பு கிடைத்தால் போதும், வேர் இறங்கிவிடும். பத்தடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். முதல் சில ஆண்டுகள் மேலே ஓரிரண்டு ஓலைதான் தெரியும். வளரவில்லை என்று யாரும் பிடுங்கிவிடாமல் பக்கத்தில் ஒரு கல் நட்டு வையுங்கள். கொட்டைகள் ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது புதிதாகப் பொறுக்கியவையாக இருக்கட்டும்.

மருள் என் வேலியோரம் நிறைய இருக்கிறது. தை பிறந்து மண் காய்ந்ததும் கிழங்கோடு பத்துப் பெயர்த்து வைக்கிறேன், ஆள் அனுப்புங்கள்.