புதுப்பிப்பு: சேலத்தில் கூத்தும் கலை நிகழ்ச்சிகளும்

சேலத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் உள்ளூர்க் கூத்து, பட்டிமன்றம், இசை நிகழ்ச்சி முதலியவற்றை முன்கூட்டியே எப்படி அறிவது என்று முன்பு கேட்டிருந்தேன். கோயில் சுவரொட்டிகளைக் கவனியுங்கள் என்று பலர் கூறிய யோசனையே பலித்தது.

ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் கோயிலில் மட்டுமன்றிச் செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, குகை எனப் பல பகுதிகளிலும் பண்டிகை நடப்பதால், அப்போது தேடி அலைய வேண்டியதே இல்லை. குகையில் தெய்வ வேடமிட்டோர் அலங்கரித்த வண்டிகளில் உலாவரும் வண்டி வேடிக்கையை, மேடை நாடகங்களைவிட நான் உயர்வாகவே மதிப்பேன்.

தெருக்கூத்துதான் என்னை அதிகம் ஈர்த்தது. களரி கட்டி (தொடக்க இசை முழங்கி), கட்டியங்காரன் எனும் கோமாளி அறிவிப்பாளன் வந்து நையாண்டி பேசி, திரைக்குப் பின்னிருந்து பாடியபடியே முதன்மை வேடம் வெளிப்படுவதற்குள் நள்ளிரவு நெருங்கிவிடுகிறது. ஆகையால் பத்து மணிக்கே எழுந்து போகிறவர்கள் கூத்தைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. கூத்தில் ஆடப்படும் பாரதக் கதையை முன்னரே படித்துச் செல்வது நல்லது. ஒலிபெருக்கியின் இரைச்சலில் முகவீணை எனும் சிறு ஊதுகுழலின் நயம் அடிபட்டுப் போவதால், ஆடுகளமான களரிக்கு அருகே தரையில் பாய் விரித்து அமருங்கள்.

ஏற்காட்டுக் கோடை விழாவையும் சிலர் பரிந்துரைத்தீர்கள். அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சி அழகுதான். எனினும் மாலைக் கலை நிகழ்ச்சிக்காகத் தங்குவோர், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டில் இறங்க வேண்டியிருப்பதால், திரும்பும் பேருந்து நேரத்தை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.