ஜெனரேட்டர் மாறுற நேரத்துல மட்டும் விழுந்த டிரைவர்

அவிநாசிரோட்டுக்காரன்:

நெட்வொர்க் ஃபைல்சிஸ்டம் டிரைவர்ல நல் பாயிண்டர் (சைபர் அட்ரஸை வெச்சிருக்கற, எதையும் காட்டாத பாயிண்டர்) கிராஷ் துரத்துன கதை இருந்தா எழுதச் சொன்னீங்க, எங்களுது இதுங்க. கோயமுத்தூர்ல சின்ன டீம், ஸ்டோரேஜ் பாக்ஸ் குடுக்கறோம், அதுக்கு லினக்ஸ் கிளையண்ட் மாட்யூல் (கெர்னலுக்குள்ள ஓடற டிரைவர்) நாங்களே எழுதுனது. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில எம்பிராய்டரி டிசைன், கட்டிங் மார்க்கர் எல்லாம் அந்த பாக்ஸ்லதான் கெடக்குது. அங்கிருந்து வந்த கம்ப்ளெயிண்ட் "சிஸ்டம் நின்னுருதுங்க" அவ்வளவுதான், கிராஷ்னு ஒருத்தரும் சொல்லல. ஏன்னா மவுஸ் நகருது, பிரவுசர் ஓடுது, அந்த ஃபோல்டரைத் தொட்ட புரோகிராம் மட்டும் தொங்கிருது, கில் அடிச்சாலும் சாகாது, பாத்தா வரிசையா டி ஸ்டேட், அதாவது எழுப்ப முடியாத காத்திருப்பு.

லாக்ல 120 செகண்டுக்கு மேல காத்துக்கெடக்குதுன்னு ஹங் டாஸ்க் மெசேஜா கொட்டிருக்கும். அதை மட்டும் பாத்துட்டு சர்வர் ஸ்லோன்னு முடிவு பண்றவங்கதான் நெறைய. இன்னும் மேல போனாத்தான் உண்மையான ஊப்ஸ், அதாவது கெர்னல் தன்னோட கோட்ல விழுந்ததும் எழுதற ரிப்போர்ட், இருக்குதுங்க. எங்க டிரைவரோட த்ரெட் ஒண்ணு டேட்டா அனுப்பறதுக்கான மியூடெக்ஸை (ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் புடிக்கற பூட்டு) புடிச்சுட்டே செத்துப்போச்சு, அதைத் தொறக்க ஆளில்ல, பொறகு வந்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி நிக்குது.

ஊப்ஸ்ல அட்ரஸ் ஹெக்ஸ்ல 18. நல்லுன்னா சைபர்தானே இதென்ன 18னு புதுசா வந்த தம்பி கேட்டான், நல்ல கேள்வி, ஏன்னா பாதி விசயம் அதுலயே இருக்குது. பாயிண்டர் சைபர், அதை நம்பி ஸ்ட்ரக்சரோட 24வது பைட்டைப் படிக்கப் போயிருக்கு, ஹெக்ஸ் 18னா 24. ஸ்ட்ரக்சர்ல எந்த பைட்ல என்ன இருக்குதுன்னு காட்டற பாஹோல் டூலை ஓட்டிப் பாத்தா அந்த கெர்னல்ல சாக்கெட் (நெட்வொர்க் கனெக்ஷனோட முனை) ஸ்ட்ரக்சர்ல அந்த எடத்துல இருக்கறது எஸ்கேங்கற ஃபீல்டு. ஆக சாக்கெட் பாயிண்டரே சைபர். ஃபங்ஷன் பேரையும் ஆஃப்செட்டையும் குடுத்து லைனையும் புடிச்சாச்சு, டேட்டா அனுப்பறதுக்கு முன்னால கார்க் போடற எடம், அதாவது துண்டுதுண்டா போகாம சேத்து அனுப்புன்னு சாக்கெட்டுக்குச் சொல்றது.

அந்த எடத்துல ஒரு இஃப் போட்டு தாட்டிவிட்டுரலாம்னு பிரஷர், ஷிப்மெண்ட் நேரம் வேற. நான் ஒத்துக்கலைங்க. விழுந்த லைன் வெறும் சாட்சி, சாக்கெட்டை சைபராக்குனது யாருன்னு தெரியாம அங்க இஃப் போட்டா நாளைக்கு வேற லைன்ல விழும்.

துப்பு கெடச்சது கம்பெனி எலக்ட்ரீசியன் அண்ணன்கிட்ட. ஜெனரேட்டர் ஓட்டுன நேரமெல்லாம் டீசல் கணக்குக்காக நோட்டுல எழுதி வெச்சிருக்காரு, அதையும் ஊப்ஸ் நேரத்தையும் பக்கத்துல வெச்சா அப்படியே பொருந்துது! கம்ப்யூட்டருக்கெல்லாம் யூபிஎஸ் இருக்குது, செவுத்துல மாட்டுன நெட்வொர்க் சுவிட்சுக்கு இல்ல. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கறதுக்குள்ள அது ரீபூட் ஆகுது, கனெக்ஷன் அறுந்துருச்சுன்னு டிரைவர் பழைய சாக்கெட்டை ரிலீஸ் பண்ணி சைபர் வெக்குது, அதே நொடில சர்வர் இருக்குதான்னு பாக்கற எக்கோ வேலை எந்திரிச்சு அதே சாக்கெட்டைத் தொடுது. அனுப்பறவன் மியூடெக்ஸ் எடுக்கறான், அறுக்கறவன் ஸ்பின்லாக்னு வேற ஒரு பூட்டு எடுக்கறான், ரெண்டு பேருக்கும் பொதுவா பூட்டே இல்ல. ரெண்டும் ஒண்ணா வந்தாத்தான் விழும், அதனாலதான் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் விழல.

ஆபீஸ்ல எக்கோ இடைவெளியைக் குறைச்சு, பாயிண்டரைச் சரிபாக்கற லைனுக்கும் உபயோகிக்கற லைனுக்கும் நடுவுல எம்ஸ்லீப் (கொஞ்ச நேரம் தூங்க வெக்கற கால்) செருகி, கேபிளைப் புடுங்குனா உடனே விழுது. ரெண்டு பக்கமும் ஒரே மியூடெக்ஸ், அதுக்குள்ளயே பாயிண்டரைப் பாத்து சைபரா இருந்தா ஈஅகெய்ன் (பொறகு மறுபடி முயற்சி பண்ணுங்கற எரர் கோட்) திருப்பறது, இதுதான் ஃபிக்ஸ். லினக்ஸோட சிஐஎஃப்எஸ் கிளையண்டும் (விண்டோஸ் மாதிரி ஃபைல் ஷேரை மவுண்ட் பண்ற டிரைவர்) சாக்கெட் இல்லைன்னா ஈஅகெய்ன்தான் திருப்புது, ஒருக்கா படிச்சுப் பாருங்க.

மஞ்சமாநகரம்:

அண்ணா, ஊப்ஸை எப்படி எடுத்தீங்க? ஈரோட்ல எங்க குடோன் மெசின்ல கெர்னல் லாகை நெட்வொர்க் வழியா அனுப்பற நெட்கன்சோல் போட்டிருந்தோம், லிங்க் போற நேரத்துலதான் கிராஷே, அது யூடிபில அனுப்பறது எப்படிங்க வந்து சேரும். கடைசில பீஸ்டோர்தான் காப்பாத்துச்சு. ரேம்ல ஒரு பகுதியை ஒதுக்கி வெச்சா வார்ம் ரீபூட்டுக்கு அப்பறமும் லாக் அங்கயே இருக்குது. மெமரி தாராளமா இருந்தா கேடம்ப் (கிராஷ் நேரத்து மெமரியைக் காப்பி எடுக்கறது) போடுங்க, ஊப்ஸ் வந்ததும் கெர்னல் பேனிக் ஆகி முழுசா நிக்கற மாதிரி சிஸ்சிடிஎல் (கெர்னல் செட்டிங்) மாத்துனா முழு டம்ப்பும் கெடைக்கும், எந்த த்ரெட் எந்தப் பூட்டுக்கு நிக்குதுன்னு ஒவ்வொண்ணா பாக்கலாம்.

பீளமேடு:

நாங்களும் இதே மாதிரி ஒண்ணு பாத்தோம். எங்க டீம்ல ஒருத்தர் பாயிண்டரை லோக்கல் வேரியபிள்ல காப்பி எடுத்து, செக் பண்ணி, காப்பியையே உபயோகிச்சாரு. கிராஷ் நின்னுருச்சு, எல்லாருக்கும் சந்தோசம். ஆனா மெமரி தப்பைப் புடிக்கற கேசான் போட்டு ஓட்டுனா யூஸ் ஆஃப்டர் ஃப்ரீன்னு வருது, அதாவது ரிலீஸ் ஆன மெமரில எழுதிட்டிருக்குது. அதுக்கு நல் பாயிண்டர் கிராஷே தேவலைங்க, விழுந்த எடத்தயாச்சும் காட்டிக்குடுக்கும்.

செக் எங்க போடறோங்கறதும் முக்கியம். 2009ல லினக்ஸ் டன் டிரைவர்ல (விபிஎன் மாதிரி வேலைக்கான விர்ச்சுவல் நெட்வொர்க் டிரைவர்) பாயிண்டரை மொதல்ல உபயோகிச்சுட்டு அதுக்கப்பறம் சைபரான்னு செக் பண்ணிருந்தாங்க. ஏற்கனவே உபயோகிச்சாச்சே, சைபரா இருக்க வழியில்லைன்னு கம்பைலர் அந்த செக்கையே தூக்கிருச்சு, அது செக்யூரிட்டி ஓட்டையா ஆகிப்போச்சு. அதுக்கப்பறம்தான் இந்த மாதிரி செக்கை எடுக்காதேன்னு சொல்ற ஆப்ஷனோட கெர்னலை பில்ட் பண்றாங்க.

அண்ணா, அன்மவுண்ட் பண்ணும்போது எக்கோ வேலையை எங்க கேன்சல் பண்றீங்க?

அவிநாசிரோட்டுக்காரன்:

மியூடெக்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடிங்க. மியூடெக்ஸைப் புடிச்சுட்டு கேன்சல் சிங்க் (ஓடற வேலை முடியற வரைக்கும் நிக்கற கேன்சல்) கூப்புட்டா, அன்மவுண்ட் எக்கோ வேலை முடியட்டும்னு காத்திருக்கும், எக்கோ வேலை மியூடெக்ஸ் கெடைக்கட்டும்னு காத்திருக்கும், மறுபடியும் டி ஸ்டேட்தான். பூட்டு எடுக்கற வரிசையைச் சரிபாக்கற லாக்டெப் போட்டு ஒருக்கா ஓட்டுங்க, அந்த வரிசை தப்பா இருந்தா நெசமாவே தொங்கறதுக்கு முன்னாடியே கத்திரும்.